பழைய அபார்ட்மென்டில் ஃபிளாட் வாங்கும் முன் எதை, யாரை வைத்துச் சோதிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கோபிச்செட்டிபாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். மகனுக்குக் கோவை சரவணம்பட்டியில் வேலை. அங்கே 64 வீடுகள் உள்ள, 12 வருடம் ஆன அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேலே இன்னும் இரண்டு மாடிகள் உண்டு. வாங்கும் முன் இன்ஸ்பெக்‌ஷன் செய்யலாம் என்கிறான் மகன். "வெளியே எல்லாம் அசோசியேஷன் பார்த்துக்கும், உள்ளே பெயின்ட் அடிச்சாப் போதும்" என்கிறார் புரோக்கர். எங்கள் ஊர் மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினால் போதாதா, இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எந்த மாதிரிச் சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகன் சொல்வது சரிங்க. நான் கோவையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டடச் சோதனை, பழுதுபார்ப்பு ஆலோசனை வேலை செய்கிற சிவில் இன்ஜினியர். தனி வீடு வாங்குகிறவருக்குச் சொல்வதை ஃபிளாட் வாங்குகிறவருக்குச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தோட்டம் துரவு வாங்கிப் பழகிய குடும்பம் என்பதால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். பத்திரத்தில் "கிணற்றில் கால் பங்கு, மோட்டார் சர்வீஸில் கால் பங்கு" என்று எழுதியிருக்கிற பூமியை வாங்கப் போனால் மண்ணை மட்டும் பார்த்துவிட்டா வருவீர்கள்? மீதி முக்கால் பங்கு யாருடையது, தண்ணீர் முறை தகராறு இல்லாமல் நடக்கிறதா, காயில் எரிந்தால் எல்லாரும் பணம் போடுகிறார்களா, கிணறு தூர் வாரி எத்தனை வருடம் ஆச்சு என்று பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்துவிட்டுத்தான் அச்சாரம் கொடுப்பீர்கள். ஃபிளாட்டும் கூட்டுக் கிணறு மாதிரிதான். நான்கு சுவருக்குள் இருப்பது உங்களுடையது. தூண், பீம், மொட்டை மாடி, சம்ப், லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றிலும் 64-இல் ஒரு பங்கு உங்களுடையது. அவை கெட்டால் செலவிலும் ஒரு பங்கு உங்களுடையது. புரோக்கர் சொல்கிற அசோசியேஷன் என்பது வேறு யாரோ இல்லை. பத்திரம் பதிந்த மறுநாள் முதல் நீங்களும் சேர்ந்ததுதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2016-இல் என் தங்கை ஒரு பழைய ஃபிளாட் வாங்கியபோது நானே போய்ப் பார்த்தேன். டைல்ஸைத் தட்டினேன், குழாயைத் திறந்தேன், மின் பலகையைச் சோதித்தேன். உள்ளே குறை எதுவும் இல்லை, "வாங்கிக்க" என்று சொல்லிவிட்டேன். எட்டாவது மாதம் அசோசியேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. மொட்டை மாடி நீர்க்கசிவு வேலைக்கும் லிஃப்ட் மாற்றுவதற்கும் சேர்த்து வீட்டுக்கு 1,40,000 ரூபாய். அந்தத் தீர்மானம் தங்கை வாங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே பொதுக்குழுவில் நிறைவேறி மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருந்தது. விற்றவருக்குத் தெரியும். நான் அந்தப் புத்தகத்தைக் கேட்கவே இல்லை. தங்கை அந்த வருடம் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு எந்த ஃபிளாட்டைப் பார்க்கக் கூப்பிட்டாலும் சாவியைக் கேட்பதற்கு முன்னால் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்கிறேன்.

எந்த மாதிரிச் சோதனை என்பதைக் கட்டடத்தின் வயதுதான் முடிவு செய்கிறது. புது ஃபிளாட் என்றால் சாவி வாங்கும் முன் செய்கிற ஹேண்ட்ஓவர் சோதனை போதும். டைல்ஸ், கதவு, சுவர் மட்டம், பிளம்பிங், வயரிங் என்று குறைப்பட்டியல் எடுத்து பில்டரிடம் கொடுப்பார்கள். 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3)-வது பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையையும் வேலைப்பாட்டுக் குறையையும் பில்டர் செலவு வாங்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். அங்கே சோதனை அறிக்கைதான் உங்கள் கையில் இருக்கிற ஆதாரம். உங்கள் கட்டடத்துக்கு வயது 12. பில்டர் கணக்கில் இல்லை. இனி வரும் பழுது எல்லாம் 64 குடும்பங்களின் தலையில்தான். அதனால் உங்களுக்கு வேண்டியது வீட்டுக்குள் ஒரு சோதனை, பொது இடங்களில் ஒரு சோதனை, அசோசியேஷன் கணக்கிலும் பத்திரத்திலும் ஒரு சோதனை. "ஃபுல் இன்ஸ்பெக்‌ஷன்" என்று விளம்பரம் செய்கிற பலர் முதலாவதை மட்டுமே செய்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். 20, 25 வருடம் தாண்டிய கட்டடம் என்றால் விஷயமே வேறு. அங்கே கான்கிரீட்டையும் கம்பியையும் சோதிக்கிற ஸ்ட்ரக்சுரல் ஆடிட் வேண்டும். அதை ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்ய முடியாது, அசோசியேஷன்தான் செய்ய வேண்டும். ஏற்கெனவே செய்திருந்தால் அறிக்கையைக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் அந்தப் பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளே முதலில் பாத்ரூம். மற்ற அறைகளை விரைவாகப் பார்த்துவிடலாம், இங்கே அவசரப்படக் கூடாது. நம் ஊர் அபார்ட்மென்ட்களில் பாத்ரூம் தளத்தை மற்ற தளத்தைவிட ஓரடி அளவுக்குத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் கழிவுக்குழாய்களைப் படுக்க வைத்து, உடைசெங்கல் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதுதான். குழாய் ஜாயின்ட்டிலோ டைல்ஸ் இடுக்கிலோ தண்ணீர் இறங்கினால் அந்த நிரப்பலில் மாதக்கணக்கில் தேங்கி நின்று, பிறகு கீழ்வீட்டுக் கூரையில் வெளிப்படும். ஆக, நீங்கள் பார்க்கிற வீட்டின் பாத்ரூம் ஒழுகுகிறதா என்பது இரண்டாவது மாடிக்காரருக்குத்தான் தெரியும். நான்காவது மாடி பாத்ரூம் ஒழுகுகிறதா என்பது உங்கள் கூரையில் தெரியும்.

நான் செய்வது இப்படி. பாத்ரூம் கூரையில் பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், கம்பி ஓடும் இடத்தில் பழுப்பு நிறக் கோடு தெரிந்தால், மேல்வீட்டு ஒழுகல் பல வருடப் பழசு. புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங் என்றால் கழற்றாமல் விடவே மாட்டேன். பிறகு தரையில் உள்ள வடிகாலைத் துணி சுற்றி அடைத்துவிட்டு இரண்டங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விட்டுவிடச் சொல்வேன். மறுநாள் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர் அனுமதியோடு அவர் கூரையில் ஈரமானியை வைத்துப் பார்ப்பேன். விற்பவருக்கு இதில் செலவு ஒன்றும் இல்லை. அப்படியும் ஒருவர் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள்.

தெர்மல் கேமரா பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போது எல்லா விளம்பரத்திலும் அது இருக்கிறது. நல்ல கருவிதான். ஈரமான சுவர் உலரும்போது குளிர்வதால் படத்தில் வேறு நிறமாகத் தெரியும். ஆனால் ஏப்ரல் மாத வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது படம் எடுத்தால் அழகான, சுத்தமான படம்தான் வரும். கோவைக்கு அதிக மழை வடகிழக்குப் பருவத்தில், குறிப்பாக அக்டோபரில் கிடைக்கிறது. முடிந்தால் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரண்டாம் நாள் வீட்டைப் பாருங்கள். ஜன்னல் கட்டைக்குக் கீழே, பால்கனிக் கூரை விளிம்பில், குழாய்கள் இறங்கும் டக்ட்டை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

வயரிங் அரைமணி நேர வேலை. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் துண்டிக்கிறதா, 30 மில்லி ஆம்பியர்தானா, எர்த் எல்லா பிளக் பாயின்ட்டுக்கும் வருகிறதா என்று பார்த்தால் போதும். தரை டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் அடியில் கலவை நிரம்பாத இடம் 'டொக் டொக்' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

சுவர் விரிசலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, படிக்கத் தெரிய வேண்டும். பீமுக்கும் பிளாக் சுவருக்கும் நடுவே நேர்கோட்டில் ஓடுவது பெரும்பாலும் இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் சுருங்கியதால் வருவது. பூசிச் சரிசெய்யலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒவ்வொரு மாடியிலும் அதே இடத்தில் அதே சாய்வில் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கரிசல் மண் உள்ள பகுதிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். மழையில் ஊதி, வெயிலில் சுருங்குகிற மண் அது. சந்தேகமான விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வந்தால், கிரயம் முடிவதற்குள் அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி வெளியே வாருங்கள். என் அனுபவத்தில் ஒரு கட்டடத்தின் உண்மையான உடல்நிலை தெரிகிற இடம் வரவேற்பறை அல்ல, ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது தூண்கள் மட்டும் நிற்கிற கீழ்த்தள வண்டி நிறுத்துமிடம். அங்கே ஃபால்ஸ் சீலிங் இல்லை, அழகுக்குப் பூசுவதும் குறைவு. தூண்களின் அடியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரைக்கும் உற்றுப் பாருங்கள். வண்டி கழுவுகிற தண்ணீர் தேங்குகிற இடம் அது. தூணின் மூலையில் கம்பி ஓடுகிற போக்கிலேயே மேலிருந்து கீழாக விரிசல் இருந்தால், சுத்தியலால் மெல்லத் தட்டும்போது வெற்றுச் சத்தம் வந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது? நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி பத்திரமாக இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். சிறு துளையிட்டு பினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி ரோஜா நிறமாகும், இழந்த பகுதி நிறம் மாறாது. ரோஜா நிறம் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது, கம்பி எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். இன்னொரு எதிரி உப்பு, அதாவது குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. சாயப்பட்டறைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட திருப்பூர்ப் பகுதியிலும் நொய்யல் கரையிலும் போர்வெல் தண்ணீரை அப்படியே கலவைக்கு ஊற்றிக் கட்டிய கட்டடம் என்றால் நான் குளோரைடு சோதனையை விடுவதே இல்லை. 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் அடுக்குமாடியின் ஆறு தளங்கள் பகுதி பகுதியாகச் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வில் கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்தது தெரியவந்தது. அது ஒன்றும் ஐம்பது வருடக் கட்டடம் இல்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் சர்ஃப்சைடு ஊரில் 2021 ஜூன் 24 அதிகாலை இடிந்து 98 பேர் இறந்த 12 மாடிக் கட்டடத்தின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். நீச்சல்குளத் தளத்தில் நீர்க்காப்பு கெட்டு அடியிலுள்ள கான்கிரீட் சேதமாகிறது என்று 2018-லேயே ஓர் இன்ஜினியர் அந்த அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுச் செலவு கோடிக்கணக்கில் போனதால் யார் எவ்வளவு போடுவது என்று வருடக்கணக்கில் இழுபறி. நிதி திரட்டுகிற கட்டத்திலேயே கட்டடம் விழுந்துவிட்டது. இடையில் அங்கே ஃபிளாட் வாங்கிய ஒருவர் தன் வீட்டின் நான்கு சுவரை எவ்வளவு கருத்தாகச் சோதித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டியது அசோசியேஷன் கோப்பில் இருந்தது. அடுத்த வருடமே அந்த மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு 30 வருடத்தில் கட்டாயச் சோதனை என்று சட்டம் கொண்டுவந்தது.

ஸ்டில்ட் என்றதும் இன்னொன்று. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண் மட்டும் நிற்க, மேலே ஐந்து மாடிச் சுவர். நிலநடுக்கத்தில் முதலில் அடிவாங்குவது அந்தத் தளம்தான். கோவையில் ஏது நிலநடுக்கம் என்று பலர் கேட்கிறார்கள். 1900 பிப்ரவரி 8-ம் தேதி இந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கமே வந்திருக்கிறது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் கோவை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயம் உள்ள பகுதியில் இருக்கிறது. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் அசோசியேஷனிடம் இருக்கிறதா, அதில் நிலநடுக்கக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்று உங்கள் இன்ஜினியர் பார்க்கட்டும். கூடவே, யாராவது தன் வீட்டில் ஹாலைப் பெரிதாக்க வேண்டும் என்று தூணையோ பீமையோ செதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நான் இரண்டு இடத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தண்ணீர். கோவையில் ஃபிளாட் வாங்குகிறவர் முதலில் கேட்பது "சிறுவாணித் தண்ணி வருதுங்களா" என்றுதான், அது நியாயமான கேள்விதான். ஆனால் வடக்கே உள்ள பல பகுதிகளுக்கு வருவது பில்லூர்த் தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீரே. கேட்க வேண்டியது எந்த அணை என்பதைவிட எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், 64 வீட்டுக்கும் சேர்த்து எத்தனை இணைப்பு என்பதுதான். நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் தனித்தனி சம்ப், தனித்தனி டேங்க், தனிக் குழாய் இருக்கிறதா? போர்வெல் எத்தனை, எத்தனை அடி, சித்திரையில் எது வற்றும்? கோடையில் மாதம் எத்தனை லோடு லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதை அசோசியேஷன் செலவுக் கணக்கில் மார்ச் முதல் ஜூன் வரை உள்ள பக்கங்களில் பாருங்கள். வாய்வார்த்தையில் வராதது அங்கே வந்துவிடும்.

உப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவார்கள். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500-படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. இதைத் தாண்டினால் கீசர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும், குழாய்களுக்குள் சுண்ணாம்பு அடைத்து மேல் மாடிகளில் தண்ணீர் வேகம் குறையும். பாட்டில் பிடிக்கிற முன்னாலேயே ஒரு வேலை செய்யலாம். ஷவர் தலையின் துளைகளைப் பாருங்கள். வெள்ளை அடைப்பு ஏறியிருந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மாலை ஏழு மணிக்கு அதன் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தொட்டிக்குள் காற்று ஊதுகிற புளோயர் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும், நாற்றம் இருக்கக் கூடாது. மின்சாரம் மிச்சம் பிடிக்க நிறுத்தி வைக்கிற இடங்கள் உண்டு. லிஃப்ட்டுக்கு உரிமம் நடப்பில் இருக்கிறதா, பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரிபாகமும் சேர்த்தியா, கரண்ட் போனால் பக்கத்துத் தளத்தில் நிறுத்திக் கதவைத் திறக்கிற கருவி வேலை செய்கிறதா, அடிக்குழியில் தண்ணீர் நிற்கிறதா. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டுமா, வீடுகளுக்கும் எத்தனை வாட்ஸ். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய்களின் வாயில் குப்பை, தட்டோடு உப்பல், டேங்க் தூண்களில் துரு. மூன்றாவது மாடிதானே வாங்குகிறோம், மொட்டை மாடி நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். செலவு வரும்போது ஐந்தாவது மாடிக்காரர் மட்டும் கட்டுவதில்லை.

இப்போது மினிட்ஸ் புத்தகத்துக்கு வருகிறேன். விற்பவர் உறுப்பினர் என்பதால் அவர் கேட்டால் அசோசியேஷன் காட்டலாம், அவரோடு சேர்ந்து போங்கள். மூன்று வருடப் பொதுக்குழு, செயற்குழு மினிட்ஸ், மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, பைலா, சங்கப் பதிவுச் சான்று. இந்த நான்கும் கிடைத்தால் ஒரு மதியம் உட்கார்ந்து படியுங்கள். மினிட்ஸில் திரும்பத் திரும்ப ஒரே பிரச்சினை வருகிறதா, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய செலவுக்கென்று சேர்த்து வைக்கிற கார்ப்பஸ் நிதி எவ்வளவு, எந்த வங்கியில், யார் பெயரில்? பில்டர் வசூலித்த நிதியைச் சங்கத்திடம் ஒப்படைத்தாரா? பராமரிப்பு பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? 64-இல் பத்துப் பேர் கட்டவில்லை என்றால் அந்தச் சுமை உங்கள் மேல்தான் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வெளிப்பெயின்ட், மொட்டை மாடி நீர்க்காப்பு, இரண்டு லிஃப்ட் பழுது எல்லாம் சேர்த்து 48 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 64-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 75,000. கார்ப்பஸில் 50 லட்சம் இருந்தால் உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது. 4 லட்சம்தான் இருந்தால் கிட்டத்தட்ட 69,000 ரூபாய் போகும். மாதப் பராமரிப்புத் தொகை குறைவு என்று மகிழ்ந்து வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். 12 வருடக் கட்டடத்தில் பராமரிப்புத் தொகை ரொம்பக் குறைவாக இருந்தால், செய்ய வேண்டிய எதையோ செய்யாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். விற்பவரிடம் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குவதோடு, தீர்மானம் ஆகி இன்னும் வசூலிக்காத தொகை எதுவும் இல்லை என்றும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். என் தங்கை விஷயத்தில் அந்த ஒரு வரி இல்லாமல் போனது.

பத்திரத்தை வக்கீல் பார்ப்பார். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், அங்கீகரித்த வரைபடம், நிறைவுச் சான்று எல்லாம் அவர் வேலை. நீங்களே சரிபார்க்க முடிந்தது பிரிபடாத பாக நிலம், யூ.டி.எஸ். மொத்த இடம் 60 சென்ட் என்றால் 26,136 சதுர அடி. 64 வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 408. உங்கள் வீடு சராசரி அளவு என்றால் அதை ஒட்டித்தான் பத்திரத்திலும் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் மீதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டுகிற காலத்தில் கணக்குக்கு வருவது இந்த நிலம்தான். சிங்காநல்லூர் உழவர் சந்தை பக்கத்து ஹவுசிங் போர்டு குடியிருப்பு சிதிலமாகி, மறுகட்டுமானத்துக்காக அந்த மக்கள் வருடக்கணக்கில் அலைந்ததைக் கோவையில் எல்லாரும் பார்த்தோம். 1994-ம் வருட அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ம் வருடச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். கார் நிறுத்துமிடம் எண்ணோடு பத்திரத்தில் இருக்கிறதா, வரைபடத்திலும் அது பார்க்கிங்தானா என்பதையும் நேரில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது? நம் நாட்டில் வீட்டுச் சோதகருக்கு என்று தனி அரசு உரிமம் எதுவும் இல்லை. கருவி வாங்கியவர் எல்லாம் போர்டு மாட்டலாம். அதனால் ஆளைக் கேள்வி கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழுது பார்த்த அனுபவம் உள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா? பார்க்கிங், மொட்டை மாடி, சம்ப், லிஃப்ட் அறைக்கும் வருவாரா? மினிட்ஸும் கணக்கும் பார்ப்பாரா, இல்லை அது நம் வேலையா? அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் படம், இடம், அவசரம் எவ்வளவு, அது நம் செலவா பொதுச் செலவா என்று பிரித்துக் கொடுப்பாரா? விற்கிற புரோக்கரோ பில்டரோ சிபாரிசு செய்தவர் வேண்டாம். பழுதுபார்க்கிற கான்டிராக்டும் தானே எடுக்கிறவரும் வேண்டாம். கான்கிரீட்டின் பலத்தை அடித்துப் பார்க்கிற ரீபவுண்ட் ஹாமர் வைத்திருப்பதாகச் சொன்னால், பூச்சை நீக்கிவிட்டுத்தான் அடிப்பீர்களா என்று கேளுங்கள். பூச்சின் மேல் அடித்தால் கிடைப்பது பூச்சின் எண். பழைய கான்கிரீட்டில் காரம் போன மேற்பரப்பு இறுகியிருப்பதால் எண் கூடுதலாகக் காட்டும் என்பதும் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். ஆழமான சோதனை தேவைப்பட்டால் கோவையிலேயே ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக் மாதிரிக் கல்லூரிகளின் சிவில் துறைகளில் விசாரிக்கலாம்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். அச்சாரம் கொடுத்த பிறகு சோதனை செய்தால் பேரம் பேசுகிற பலம் போய்விடும். கிரய ஒப்பந்தம் போடும் முன் செய்யுங்கள். விற்பவர் அதற்குள் டோக்கன் கேட்டால் சிறு தொகை கொடுத்து, சோதனையில் பெரிய குறை வந்தால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மகன் ஒரு நாள் இரவு அங்கே போய் செக்யூரிட்டி அண்ணாவிடமும், வாடகைக்குக் குடியிருக்கிற இரண்டு குடும்பத்திடமும் தண்ணீர், லிஃப்ட், கமிட்டி பற்றிப் பேசட்டும். அவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

அப்புறம், உங்கள் மேஸ்திரியையும் கூட்டி வாருங்கள். இன்ஜினியர் பார்க்கிற நாளிலேயே வரட்டும். பூச்சு வேலை புதுசா பழசா, எந்த இடத்தில் மறைத்துப் பூசியிருக்கிறார்கள் என்பதை முப்பது வருடம் கரண்டி பிடித்த கை எங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். பாத்ரூம் தண்ணீர் கட்டுகிற வேலையை முதல் நாளே அவரிடம் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் நாங்கள் கீழ்வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.